மறதிநோய் இருக்குமோ என்ற ஐயத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் முதியோர் புறநோயாளிப் பிரிவில், சீட்டு எடுத்துக் கொடுக்கவும் சரியான அறைக்கு அழைத்துச் செல்லவும் உதவும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன், மருத்துவன் அல்லன். அங்கே பெஞ்சில் காத்திருக்கும் மகன்களும் மகள்களும் மருமகள்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மருத்துவர்கள் அவற்றுக்குச் சொல்லும் விளக்கங்களைக் கேட்டும், படித்துத் தெளிந்தும் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

அப்பா சாவியை எங்கே வச்சோம்னு மறந்துடறார், பேரும் சட்டுனு வரமாட்டேங்குது. வயசானா இப்படித்தானே? இதுக்குப் போய் ஸ்பெஷலிஸ்ட்டா?

பெயர் நாக்கு நுனியில் நின்று, அரை மணி கழித்துத் தானே நினைவுக்கு வருவது எழுபது வயதில் இயல்புதான். சாவியை வைத்த இடம் மறந்தாலும், காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் தேடி எடுத்துவிடுகிறார் என்றால் அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. நடந்த நிகழ்ச்சியே சுவடில்லாமல் போய்விடுவதுதான் கவனிக்க வேண்டியது. மதியம் மகள் வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிருப்பாள். மாலையில் அதை நினைவூட்டிய பிறகும் "அவள் வந்தே மூன்று மாதமாயிற்றே" என்பார்.

மறதியின் அளவைவிட, இத்தனை காலம் தானாகவே செய்துவந்த வேலை தடுமாறுகிறதா என்பதைப் பாருங்கள். ஓய்வூதியக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் பார்த்தவர் இப்போது பாஸ்புக்கை வைத்துக்கொண்டு விழிப்பது, ரசத்தில் புளி கரைத்து ஊற்றியதை மறந்து மறுபடியும் ஊற்றுவது, சொந்தத் தெருவிலேயே வீட்டைத் தாண்டிப் போய்விடுவது போன்றவை சில மாதங்களாகக் கூடிக்கொண்டே வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு அது இல்லை என்னும்போது, "வயதானால் இப்படித்தான்" என்ற பேச்சு கணக்குப்படியே நிற்காது.

டிமென்ஷியா வேற, அல்சைமர் வேறயா? ரெண்டும் ஒண்ணுதானே?

டிமென்ஷியா, அதாவது நாம் மறதிநோய் என்று சொல்வது, ஒரு நிலை. நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குக் குறைந்துவிட்டன என்பதே அதன் பொருள். அந்த நிலையை உண்டாக்கும் நோய்கள் பல; அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர். மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது, லூயி பாடி என்னும் புரதத் திரட்சியால் வருவது, மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் தேய்வதால் வருவது ஆகியவை மற்றவை. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருப்பதும் சாதாரணம். எந்த நோய் என்று பிரித்தறிவது மருந்தைத் தேர்ந்தெடுக்கவும், சில மருந்துகளைத் தவிர்க்கவும் உதவும் என்பதால்தான் சிறப்பு மருத்துவரின் கருத்து தேவைப்படுகிறது.

அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஆனா ஆளே மாறிட்டாங்க. எல்லார்கிட்டயும் வெடுக்குவெடுக்குனு பேசறாங்க, கூச்சமே இல்ல. இதுவும் அதானா?

இருக்கலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. அதில் நினைவு முதலில் கெடுவதில்லை. இடம் பொருள் ஏவல் பார்க்காமல் பேசுவது, பிறர் துக்கத்தில் பங்கெடுக்காமல் இருப்பது, இனிப்பை அள்ளி அள்ளித் தின்பது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று குணமாகவே வெளிப்படும். குடும்பச் சண்டையாகவும் மாதவிடாய் நிற்கும் காலத்துக் கோபமாகவும் தவறாக எண்ணப்பட்டே சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

நினைவைத் தொடாமல் தொடங்குபவை இன்னும் சில உண்டு. பேச்சில் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்வது ஒன்று. கண் மருத்துவர் கண்ணில் கோளாறில்லை என்று சொன்ன பிறகும் படிக்கட்டின் ஆழம் தெரியாமல் காலை வைப்பது இன்னொன்று. வீட்டில் இல்லாத குழந்தைகளையோ பூனையையோ தெளிவாகப் பார்ப்பது, உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் உதறிக் கத்துவது, ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மந்தமாகவும் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது லூயி பாடி வகையாக இருக்க வாய்ப்புண்டு. இவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. கொந்தளிப்பை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் அந்த வகை நோயாளிகளைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியவை.

எந்த டாக்டர்கிட்ட போகணும்? நியூராலஜியா, சைக்கியாட்ரியா? பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும்?

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமே போங்கள். ரத்தப் பரிசோதனைகளை அவரே எழுதித் தரலாம், கடிதமும் கொடுப்பார். அதற்கு மேல் நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் நல மருத்துவர் ஆகிய மூவரில் யாரும் இந்நோயைக் கண்டறியக்கூடியவரே. நடையில் தள்ளாட்டம், கை நடுக்கம், பக்கவாதம், வலிப்பு ஆகியவை உடனிருந்தாலோ வயது அறுபத்தைந்துக்குக் குறைவாக இருந்தாலோ நரம்பியல் மருத்துவர் பொருத்தமானவர். சந்தேகம், அழுகை, உறக்கமின்மை, கோபம் ஆகியவை மேலோங்கியிருந்தால் மனநல மருத்துவர். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று பல நோய்களும் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளும் இருந்தால் முதியோர் நல மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். ஊர் என்ன சொல்லும் என்பதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் மனநலப் பிரிவின் வாசலில் நான் பார்ப்பவர்கள் எல்லோரும் யாரோ ஒருவரின் அப்பா அம்மாக்கள்தாம்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முன்னோடி. நரம்பியல் துறையும் அங்கேயே இருக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மையம் 2024-இல் திறக்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் முதியோருக்கான தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பெரிய பெயரைத் தேடி அலைவதைவிட, ஆறு மாதத்துக்கொரு முறை திரும்பப் போக முடிகிற தொலைவில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்நோயில் ஒருமுறை பார்ப்பதைவிடத் தொடர்ந்து பார்ப்பதே அதிகம் சொல்லும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்"னு சொல்றார். வரவே மாட்டேங்கிறார். எப்படிக் கூட்டிட்டுப் போறது?

பலரும் இதைப் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். தன் குறையைத் தானே உணர முடியாமற்போவதும் நோயின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். ஆகவே வாதிட்டு ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. அவரே ஒப்புக்கொள்ளும் ஒரு தொல்லையைப் பற்றிக்கொண்டு தொடங்குங்கள். உறக்கம் வரவில்லை என்றோ, தலை சுற்றுகிறது என்றோ, கால் மரத்துப்போகிறது என்றோ அவர் சொல்லியிருப்பார். அதற்காக வருடாந்தரப் பரிசோதனைக்குப் போகலாம் என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார். அவர் மதிப்பு வைத்திருக்கும் ஒருவர், பழைய சக ஊழியரோ அக்காவோ பேரனோ, கூப்பிட்டால் இன்னும் எளிது.

கோவிலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி மருத்துவமனையில் இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிகழ்ச்சி மறந்தாலும் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு அவரிடம் தங்கிவிடும். அடுத்த முறை வாசல் தாண்டவே மறுப்பார். எதற்கும் மசியவில்லை என்றால், நீங்கள் மட்டும் முதலில் போய் மருத்துவரிடம் பேசலாம். பெரியவரை நேரில் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார்கள். ஆனால் எப்படி அழைத்து வரலாம் என்பதற்கு வழி சொல்வார்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இலும் தமிழில் பேசி யோசனை கேட்கலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? அவர் அஞ்சு நிமிஷம்தானே பார்ப்பார்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மறதிநோயைக் கண்டறிவதில் ஸ்கேனைவிடவும் ரத்தப் பரிசோதனையைவிடவும் பெரிய சான்று, கூட இருப்பவர் சொல்லும் வரலாறுதான். எப்போது தொடங்கியது, மெல்ல மெல்லக் கூடியதா, படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கியதா, திடீரென்று வந்ததா என்பவற்றுக்கு விடை உங்களிடம் மட்டுமே இருக்கிறது. நேரம் குறைவாக இருக்கும் என்பதனாலேயே அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். தேதி நினைவில்லை என்றால் பண்டிகையையும் கல்யாணத்தையும் வைத்துக் கணக்கிடலாம்.

ஒரு மருமகள் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாளில் எழுதி வந்ததை இன்னும் மறக்கவில்லை. "போன தீபாவளி: முறுக்கு மாவுக்கு அளவு என்னிடம் கேட்டார்கள், அதுவரை கையளவில் பிசைந்தவர்கள். தை மாதம்: நாத்தனார் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளை யார் என்று ஐந்து முறை கேட்டார்கள். பங்குனி: கேஸ் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்தார்கள். சித்திரை: வளையலைத் திருடிவிட்டேன் என்று என்னைச் சொன்னார்கள், அரிசி டப்பாவுக்குள் இருந்தது." அவ்வளவுதான். மருத்துவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். "ரொம்ப மறதி, சார்" என்று பத்து நிமிடம் சொன்னாலும் கிடைக்காத செய்தி அதில் இருந்தது.

தாளோடு, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து, சித்த மருந்துச் சூரணம், மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை உட்பட, அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவையும் வேண்டும். கேள்வி காதில் விழாமல் பதில் சொல்லாதவருக்கும் மறதியால் பதில் தெரியாதவருக்கும் மதிப்பெண் ஒன்றுபோலவே குறையும். கூட வருபவர் அன்றாடம் உடனிருப்பவராக இருக்கட்டும். நோயாளியின் எதிரிலேயே குறைகளை அடுக்குவது அவர் மனதைப் புண்படுத்தும். தாளை முன்கூட்டியே செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது தனியே பேச இரண்டு நிமிடம் கேளுங்கள்.

உள்ள கூப்பிட்டு என்ன கேப்பாங்க? பரீட்சை மாதிரி இருக்குமாமே?

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் இதில் தோல்வி என்று ஒன்றில்லை. இன்று என்ன கிழமை, எந்த மாதம், இது எத்தனையாவது மாடி என்று கேட்பார்கள். மூன்று அல்லது ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒரு வட்டம் வரைந்து கடிகார எண்களை இட்டு, பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள். பரவலாகப் பயன்படும் தேர்வுகள் முப்பது மதிப்பெண்ணுக்கானவை. நடை, கைகால் விறைப்பு, கண் அசைவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். மனச்சோர்வு உண்டா என்றும் விசாரிப்பார்கள்.

தேர்வின்போது உடனிருப்பவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது பேருதவி. "பிரதமர் பேர் தெரியாதாப்பா, மோ..." என்று எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகளை மருத்துவர்கள் தினமும் வெளியே அனுப்புகிறார்கள். முந்தைய நாள் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வருவதும் கூடாது.

எங்க பாட்டி பள்ளிக்கூடமே போனதில்ல. பேனா பிடிக்கத் தெரியாதவங்களை கடிகாரம் வரையச் சொன்னா எப்படி?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன தேர்வுகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து மேல்நாடுகளில் உருவானவை. அவற்றை அப்படியே பயன்படுத்தினால், நல்ல நினைவாற்றலுள்ள கிராமத்து மூதாட்டிக்கும் நோய் இருப்பதாகத் தோன்றும். நேர்மாறாக, ஓய்வுபெற்ற பேராசிரியர் உண்மையிலேயே சரிந்துவிட்டபோதும் இருபத்தெட்டு எடுத்துவிடுவார். இந்தச் சிக்கலுக்காகவே, கல்விப் பின்னணியால் பிசகாத கணிப்பு முறையை உருவாக்கும் பன்னாட்டு முயற்சி ஒன்று '10/66' என்ற பெயரில் நடந்தது. ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் வேலூரும் அடக்கம். மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்ற கணக்கே அந்தப் பெயருக்குக் காரணம்.

பாட்டி எத்தனையாவது வரை படித்தார் என்பதையும், எந்தத் தொழில் செய்தார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள மருத்துவர் கேள்வியை மாற்றிக்கொள்வார்: முழம் இருபது ரூபாய் என்று நான்கு முழம் பூ வாங்கி நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு, நாற்று நட்டு எத்தனை நாளில் களை எடுப்பீர்கள் என்பதுபோல. மதிப்பெண் மட்டும் இங்கே போதாது என்பதால், உங்கள் தாளுக்கு இன்னும் மதிப்புக் கூடுகிறது.

மறதிக்குப் போனா தைராய்டு, பி12, சோடியம்னு ரத்தம் எடுக்கிறாங்க. இதெல்லாம் பணம் பிடுங்கற வேலையா?

இல்லை, இவை மிக முக்கியமானவை. மறதிபோலவே தோன்றி, சிகிச்சையால் சீராகக்கூடிய கோளாறுகள் பல உண்டு. வைட்டமின் பி12 குறைவு அவற்றில் ஒன்று. சைவ உணவு மட்டும் உண்பவர்களிடமும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மினையோ வயிற்றெரிச்சலுக்காக பான்டோபிரசோல் போன்றவற்றையோ பல ஆண்டுகளாக எடுப்பவர்களிடமும் அது இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, சிறுநீரகம் கல்லீரல் பழுது, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவையும் அறிவை மந்தமாக்கும். இவற்றைச் சரிசெய்தாலே எல்லோருக்கும் மறதி முழுதும் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆனால் தீர்க்கக்கூடியதைத் தேடாமல் விடுவது தவறு.

மாத்திரைப் பையை எடுத்துவரச் சொன்னதற்கும் இதுவே காரணம். அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடங்காமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், சளிக்காகக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் ஆகியவை முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள்; தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மனச்சோர்வையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மனைவியை இழந்த பிறகு ஒன்றிலும் பிடிப்பில்லாமல், எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லும் பெரியவருக்கு மறதிநோய் இல்லாமலே இருக்கலாம்.

போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தார். மூணு நாளா ஆள் தெரியல, ராத்திரி எழுந்து கத்தறார். டிமென்ஷியா இவ்வளவு சீக்கிரமா வருமா?

வராது. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வந்த குழப்பத்துக்குச் சிறப்பு மருத்துவரிடம் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து வற்றுதல், சோடியம் குறைதல், சர்க்கரை மிகவும் தாழ்தல், புதிதாகத் தொடங்கிய மருந்து, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கும். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும் என்பதால், "அவருக்குத்தான் மறதிநோய் இருக்கிறதே" என்று விட்டுவிடுவது ஆபத்து.

சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையில் இலேசாக இடித்துக்கொண்டாரா என்றும் யோசித்துப் பாருங்கள். முதியவர்களுக்கு, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு, மண்டை ஓட்டுக்குள் மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்துக் குழப்பமாக வெளிப்படலாம். சி.டி. ஸ்கேனில் தெரியும், அறுவை மூலம் அகற்றவும் முடியும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுல "மூளைச் சுருக்கம்"னு போட்டிருக்கு. அப்போ உறுதியா? பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஸ்கேன் நார்மல், ஆனா நோய் இருக்குங்கிறாங்க!

இரண்டும் நடக்கக்கூடியவையே. வயதாக ஆக மூளை ஓரளவு சுருங்குவது இயற்கை. அந்த ஒரு வரியை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. தொடக்க நிலையில் படம் இயல்பாகவே இருக்கவும் கூடும். ஸ்கேனின் முதல் பயன், ரத்தக் கசிவு, கட்டி, பழைய பக்கவாதத் தழும்புகள், மூளை நீர் தேக்கம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பது. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, சிறுநீர் அடங்காமை, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்தால் நீர் தேக்கத்தை நினைக்க வேண்டும். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. நுணுக்கமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. சிறந்தது, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

"எம்.சி.ஐ."னு எழுதி, ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. இது நோயா இல்லையா?

எம்.சி.ஐ. என்பது 'மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்', அதாவது இலேசான அறிவுத்திறன் குறைவு. வயதுக்குரியதைவிட நினைவு குறைந்திருக்கிறது, ஆனால் அன்றாட வேலைகள் குலையவில்லை என்பதே அதன் பொருள். இந்த நிலையில் உள்ளவர்களில் சிலருக்குப் பின்னாளில் மறதிநோயாக முற்றும், சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் இயல்பு நிலைக்கே திரும்புவார்கள். யார் எந்தப் பக்கம் போவார் என்பதை ஒரே தேர்வில் சொல்ல முடியாததால்தான் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அதே தேர்வை மீண்டும் வைக்கிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். முதல் மதிப்பெண் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு டாக்டர் அல்சைமர்ங்கிறார், இன்னொருத்தர் வெறும் டிப்ரெஷன்ங்கிறார். யாரை நம்பறது? ரெண்டாவது ஒப்பீனியன் கேட்டா முதல் டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?

இருவருமே சரியாக இருக்கலாம். அல்சைமரின் தொடக்கத்தில் மனச்சோர்வும் சேர்ந்தே வருவதுண்டு. மனச்சோர்வுக்குச் சில மாதங்கள் மருந்து கொடுத்து, பிறகு நினைவை மறுபடி சோதிப்பது வழக்கமான முறை. வயது அறுபத்தைந்துக்குள் இருந்தால், சில மாதங்களிலேயே வேகமாகச் சரிந்தால், கொடுத்த மருந்தில் விறைப்பும் மந்தமும் கூடினால், அல்லது எந்தப் பரிசோதனையும் இல்லாமல் "வயசாயிடுச்சு" என்று அனுப்பிவிட்டால் இரண்டாவது கருத்துக் கேட்பது அவசியம்.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. நேர்மையான மருத்துவர் கோபித்துக்கொள்வதில்லை. முதல் கருத்தை மறைத்துவிட்டு இரண்டாமவரைச் சோதிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது வீண் செலவு. பழைய தாள்கள் எல்லாவற்றையும் காட்டி, "இந்த இடத்தில் எங்களுக்கு ஐயம்" என்று கேளுங்கள். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது கருத்தை அன்று, வேறொரு விடையை.

மாத்திரையால குணமாகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு அலையணும்? அமெரிக்காவுல ஏதோ புது ஊசி வந்திருக்காமே, அதாவது கிடைக்குமா?

முதல் காரணம், தீரக்கூடியவற்றைக் கண்டுபிடிப்பது. அதை மேலே சொல்லிவிட்டேன். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டைன் போன்ற மருந்துகள் நோயை நிறுத்துவதில்லை என்பது உண்மை. சிலருக்குச் சில காலம் தெளிவையும் அன்றாடச் செயல்பாட்டையும் ஓரளவு காக்கின்றன. சிலருக்கு வயிற்றுப்போக்கும் நாடித்துடிப்புக் குறைவும் தந்து நிறுத்த வேண்டிவருகின்றன. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்த வீட்டில் வசவும் சந்தேகமும் குறைகின்றன. வளையல் திருட்டுப் பழி சுமந்த அந்த மருமகளுக்கு, அது மாமியாரின் மனம் அன்று, நோய் என்று மருத்துவர் சொன்னதே பாதி மருந்தாக இருந்தது.

புது ஊசிகளில் லெகனமாப் 2023-இலும் டொனனமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. இவை தொடக்க நிலை அல்சைமருக்கு மட்டுமே. லெகனமாப் ஆய்வில், பதினெட்டு மாதங்களில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது, இழந்தது திரும்பவில்லை. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொருந்துமா என்பதைச் சொல்ல, நோய் எந்த வகை, எந்தக் கட்டம் என்று முதலில் உறுதியாக வேண்டும். முற்றிய பிறகு இதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். அம்மா போன்ல நல்லாத்தான் பேசறாங்க. அண்ணிதான் மறதி, மறதினு பெரிசு பண்றாங்க. யார் சொல்றது நிஜம்?

அண்ணி சொல்வதை முதலில் நம்புங்கள். நலம் விசாரிப்பும் "சாப்பிட்டியா, குழந்தை என்ன செய்யுது" என்ற பேச்சும் ஊறிப்போன பழக்கங்கள். நோய் நடுக்கட்டத்துக்கு வந்த பிறகும் அவை குலையாமல் நிற்கும். மகன் வந்திருக்கும் இரண்டு வாரங்களில் அம்மா இன்னும் தெளிவாக இருப்பதும் வழக்கம். மருத்துவரிடம் ஒருவர் "ஒன்றுமில்லை" என்றும் மற்றவர் "எல்லாம் போய்விட்டது" என்றும் சொன்னால் அவர் திண்டாடிப் போவார். போனில் நேற்று இரவு என்ன சமைத்தார்கள், யார் வந்து போனார்கள் என்று கேட்டு, அதை அண்ணியிடம் சரிபாருங்கள், உங்களுக்கே தெரியும்.

நோயோட பேரை அப்பாகிட்ட சொல்லலாமா? சொன்னா உடைஞ்சு போயிடுவாரே.

இதில் வீட்டுக்கு வீடு முடிவு மாறும். தொடக்க நிலையில் இருப்பவர், "எனக்கு என்ன ஆகிறது?" என்று தானே கேட்டால், மறைக்காமல் சொல்வதே முறை என்று நினைக்கிறேன்; அவர் செய்ய விரும்பும் ஏற்பாடுகளுக்கு அவருக்குக் காலம் வேண்டும். கேட்காதவரிடம் வலிந்து திணிக்க வேண்டியதில்லை. முற்றிய நிலையில் இருப்பவரிடம் தினமும் சொல்லித் தினமும் அழவைப்பதில் பயனில்லை.

சொத்து, பேங்க் கையெழுத்தெல்லாம் என்ன பண்றது? பவர் எழுதி வாங்கிட்டா போதுமா?

போதாது, பலர் ஏமாறும் இடம் இது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த முகமை, அதாவது பவரால் கிடைத்த அதிகாரம், முடிந்துவிடுகிறது. எப்போது தேவைப்படுகிறதோ அப்போது அது செல்லாது. அவர் தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கை இருவரில் ஒருவர் இயக்கும்படி மாற்றுவதும், வாரிசு நியமனங்களைச் சரிபார்ப்பதும், விருப்பமிருந்தால் உயில் எழுதுவதும் நல்லது. உயில் எழுதும் நாளில் அவர் தெளிவாக இருந்தார் என்று மருத்துவர் தரும் சான்று பின்னால் வழக்கு வந்தால் உதவும். நோயின் பெயர் வந்துவிட்டதாலேயே ஒருவர் உயில் எழுதும் தகுதியை இழந்துவிடுவதில்லை. எழுதும்போது செய்வது இன்னதென்று அறிந்திருந்தாரா என்பதே கேள்வி. எல்லாம் கைமீறிவிட்டால் பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றத்தை நாட வேண்டிவரும். அதற்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாளில், "இவர் கையெழுத்திடும் நிலையில் இருக்கிறாரா?" என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் அறியாமல் கைநாட்டு வாங்கத் துடிக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் பத்தி எழுதப்படவில்லை.

சந்தேகமே எனக்குத்தான். வயசு அறுபத்தெட்டு, தனியா இருக்கேன். கூட வந்து சொல்றதுக்கு யாருமில்ல. நான் எப்படிப் போறது?

தன் மறதியைத் தானே கவனித்துக் கவலைப்படுபவர்களில் பலருக்கு மனச்சோர்வோ, உறக்கக் குறைவோ, பதற்றமோதான் காரணமாக அமைகிறது. ஆயினும் பார்த்துவிடுவதே நல்லது. மேலே சொன்ன தாளை நீங்களே எழுதுங்கள். எந்தப் பில் கட்ட மறந்தீர்கள், எந்த மாத்திரையை இருமுறை போட்டுக்கொண்டீர்கள், எந்த இடத்தில் வழி தடுமாறியது என்று நடந்த அன்றே குறித்துவையுங்கள். வாரத்தில் நாலு நாளாவது உங்களைப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார்: எதிர்வீட்டுக்காரர், வேலைக்கு வரும் அம்மா, நடைப்பயிற்சித் தோழி. அவர் வர முடியாவிட்டாலும், மருத்துவர் அழைத்தால் பேசச் சம்மதமா என்று கேட்டு, அவர் எண்ணைத் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, பிற்காலத்தில் உங்கள் சார்பில் பேச நீங்கள் நம்பும் ஒருவரை, உறவினராக இல்லாவிட்டாலும், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அவர் பதினெட்டு வயது நிரம்பியவராகவும் சம்மதிப்பவராகவும் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்பதில் தொடங்கி எதைக் கேட்பதானாலும் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கண்ணாடியையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்; எங்கள் பிரிவில் வரிசை நீளமாக இருக்கும்.